பூவுக்குக் காத்திருந்தால் குட்டி வருகிறதா? ஆர்க்கிட் கெய்க்கி பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் சென்னை வீட்டு பால்கனியில் இருக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், தை மாதக் கடைசியில் இலையிடுக்கிலிருந்து ஒரு பச்சை முனையை நீட்டியது. முதல் ஒரு வாரம் அது வேரா பூந்தண்டா என்றே தெரியவில்லை. வேர் என்றால் நுனி மழமழவென்று உருண்டையாக இருக்கும். இதன் நுனி ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக, மேல்நோக்கி வளைந்து நின்றது. பூந்தண்டுதான். மாசி முழுக்கக் காலை காபியோடு அதன் பக்கத்தில் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. பங்குனியில் நடுக்கணுவில் இருந்த செதில் பிரிந்து, உள்ளிருந்து பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பூமொட்டு குண்டுமணி போல உருண்டு வரும். இது கிளி மூக்கு மாதிரி கூராக வந்தது. பத்து நாளில் அது இரண்டு இலையாக விரிந்தது. பூ வரவேண்டிய தண்டில் ஒரு முழுச் செடி, அம்மா செடியின் சின்ன உருவமாக, உட்கார்ந்திருந்தது.

இதைப் பற்றிக் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். "செடி சாகப் போகிறது, அதனால் வாரிசு விடுகிறது" என்பார் ஒருவர். "உரம் கூடிப்போச்சு" என்பார் இன்னொருவர். "செடி ரொம்ப ஆரோக்கியமா இருக்கு, அதான் குட்டி போடுது" என்று மூன்றாமவர் வாழ்த்துவார். மூன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றில் எதையும் எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொருத்த முடியாது. முதல் பதிலை நம்பி, நன்றாக இருக்கும் செடியைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாக எழுத நினைத்தேன்.

பெயர் எங்கிருந்து வந்தது

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இந்தக் குட்டிச் செடியைக் கெய்க்கி என்கிறார்கள். அது ஹவாய்த் தீவுகளின் மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல். நர்சரிக்காரர்கள் குட்டி, கன்று என்றும் சொல்வதுண்டு. எல்லாம் ஒன்றுதான்: தாய்ச்செடியின் தண்டிலோ பூந்தண்டிலோ விதை இல்லாமல் முளைத்து, தனக்கென்று இலையும் வேரும் விடும் செடி.

விதை இல்லாமல் பிறப்பதால் தாயின் மரபணுக்கள் அப்படியே குட்டிக்கு வருகின்றன. மகரந்தம், காய், கலப்பு எதுவும் இதில் இல்லை. இப்படி அச்சு அசலாகப் பிறக்கும் செடியைத்தான் குளோன் என்கிறோம். தாய் ஊதாவாகப் பூத்தால் குட்டியும் அதே ஊதாவில், அதே கோடுகளோடு பூக்கும்.

இதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்

ஆர்க்கிட் என்றதும் ஏதோ புதிரான செடி என்று நினைக்கிறோம். ஆனால் குட்டி போடும் செடி நமக்குப் புதிதா என்ன? வாழைத் தோட்டத்தில் பக்கக்கன்று வருகிறது. பள்ளி நாட்களில் ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, ஓரத்தில் குட்டி வந்ததா என்று தினமும் திறந்து பார்த்திருப்போம். மயிலிறகும் குட்டி போடும் என்று சொல்லி அதையும் வைத்தோம். அது போடவில்லை, ரணகள்ளி போட்டது. அந்த இலையின் ஓரப் பள்ளங்களில் வளரத் தயாராக இருக்கும் செல்கள் முன்பே இருந்ததுதான் காரணம்.

ஆர்க்கிட்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ரயில் பாதை ஓரங்களில் நிற்கும் நார்க்கற்றாழை. பல வருடம் சும்மா நிற்கும் அந்தக் கற்றாழை, ஒரு நாள் விளக்குக் கம்பம் போல ஒரு பூந்தண்டை எழுப்பும். பூக்கள் உதிர்ந்த பிறகு அதே தண்டில் நூற்றுக்கணக்கான குட்டிகள் கொத்துக் கொத்தாக முளைக்கும். கீழே விழுந்து வேர் பிடிக்கும். பூந்தண்டில் பூவும் வரலாம், குட்டியும் வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செடி நம் பக்கத்தில் இல்லை.

"குட்டி போட்டால் தாய் சாகும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். வாழை குலை தள்ளியதும் அந்த மரத்தின் ஆயுள் முடிந்தது. கற்றாழையும் ஒருமுறை பூத்ததும் காய்ந்துவிடும். இரண்டிலும் செடியின் நடுக்குருத்தே பூவாக மாறிவிடுகிறது. அதற்கு மேல் வளர ஒன்றும் மிச்சமில்லை. ஃபெலனாப்சிஸ் அப்படிப்பட்டதில்லை. அதன் பூந்தண்டு இலையிடுக்கிலிருந்து பக்கவாட்டில் வருகிறது. நடுக்குருத்து தன் பாட்டுக்குப் புது இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூத்தாலும் சரி, குட்டி போட்டாலும் சரி, தாய் தொடர்ந்து வளரும்.

இதுவரை பார்த்தது: கெய்க்கி என்பது தாயின் குளோன். பூந்தண்டில் குட்டி முளைப்பது ஆர்க்கிட்டுக்கு மட்டும் உரிய வினோதம் கிடையாது. தாய் சாகப் போகிறது என்பதற்கு அது தானாகவே அடையாளமும் ஆகாது.

கணுவுக்குள் தூங்கும் மொட்டு

இப்போது பூந்தண்டைக் கிட்டத்தில் பார்ப்போம். கையில் ஒரு பூந்தண்டு இருந்தால் விரலால் கீழிருந்து மேலே தடவிப் பாருங்கள். சில அங்குலத்துக்கு ஒரு முறை கரும்புக்கு இருப்பது போல ஒரு வளையம் தட்டுப்படும். அதுதான் கணு. ஒவ்வொரு கணுவையும் ஒட்டி, முக்கோணமாக ஒரு மெல்லிய செதில் தண்டைத் தழுவிக்கொண்டு இருக்கும். அந்தச் செதிலை நகத்தால் மெதுவாக நீக்கினால், அடியில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் புடைப்பு ஒன்று தெரியும். அதற்குக் கணுமொட்டு என்று பெயர். மொட்டு என்றதும் பூமொட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இனி பிரிந்து வளரக்கூடிய இளம் செல்களின் ஒரு சிறு குவியல், அவ்வளவுதான்.

தண்டின் மேல்பகுதிக் கணுக்களில் இருப்பவை சீக்கிரமே பூவாக உருவெடுத்துவிடும். கீழ்ப்பகுதியின் இரண்டு மூன்று கணுமொட்டுகள் பெரும்பாலும் எழுந்திருப்பதே இல்லை. அப்படியே தூங்கி, தண்டு காயும்போது அவையும் காய்ந்துவிடும். எழுந்தால் அவற்றின் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பக்கக்கிளையாக நீண்டு அதில் பூ வைக்கலாம். அல்லது இலை விட்டுக் கெய்க்கியாகலாம்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். "பூமொட்டு செடியாக மாறிவிட்டது" என்கிறோம். இதழ்களோடு உருண்டு வந்துவிட்ட பூமொட்டு திரும்பிப் போய்ச் செடியாவதில்லை. அது மலரும், இல்லையென்றால் மஞ்சளாகி உதிரும். குட்டியாவது இன்னும் எந்தப் பக்கமும் போகாத கணுமொட்டுதான். சில சமயம் தண்டின் நுனியே பூ வைப்பதை நிறுத்திவிட்டு ஒரு இலைக்கொத்தாக முடியும். அதை நுனிக் கெய்க்கி என்பார்கள். அங்கேயும் கதை ஒன்றுதான்: நுனியில் இருந்த, இன்னும் பூவாகாத செல்கள் இலையின் பக்கம் போய்விட்டன.

ஆகவே நாம் கேட்கவேண்டியது இரண்டு கேள்வி. தூங்கும் மொட்டை எழுப்பியது எது? எழுந்த மொட்டை இலைப் பக்கம் தள்ளியது எது? இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

மொட்டை எழுப்புவது எது

சாமந்தி போடும் விவசாயிகள் நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளிய சில நாளில் கீழே பக்கக்கிளைகள் படபடவென்று வெடிக்கும். துளசிக்கும் இதைத்தான் செய்கிறோம். நுனி இருக்கும்வரை கீழே இருக்கும் மொட்டுகள் அடங்கியே கிடக்கின்றன. நுனி போனதும் எழுகின்றன.

நுனியின் இளம் இலைகளில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகி, தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. ஹார்மோன் என்பது செடியின் ஒரு பகுதியில் உருவாகி இன்னொரு பகுதிக்குச் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள். கீழ்மொட்டுகளைத் தூங்கச் செய்வது இந்த ஆக்சின் ஓட்டம் என்பதை 1930களின் தொடக்கத்தில் கென்னத் திமன், ஃபோல்கே ஸ்கூக் என்ற இருவர் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றில் காட்டினார்கள். நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி இன்னும் இருப்பது போலவே கீழ்மொட்டுகள் தூங்கின.

இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது சைட்டோகைனின். செல்களைப் பிரியத் தூண்டும் ஹார்மோன் இது. பெரும்பகுதி வேர்களில் உருவாகி மேலே ஏறுகிறது. 1955-இல் இந்த வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்த குழுவிலும் அதே ஸ்கூக் இருந்தார். இரண்டு வருடம் கழித்து அவரும் கார்லோஸ் மில்லரும் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை திசு வளர்ப்புக்கு அடிப்படை. ஒரே செல் குவியலில் சைட்டோகைனின் கூடினால் தண்டும் இலையும் வருகிறது. ஆக்சின் கூடினால் வேர் வருகிறது. இரண்டும் சமமாக இருந்தால் உருவமில்லாத குவியலாகவே வளர்கிறது. மொட்டு கேட்பது இந்த விகிதத்தைத்தான்.

கடைகளில் கெய்க்கி பேஸ்ட் என்று சின்னக் குப்பியில் விற்கிறார்களே, அதில் இருப்பதும் ஒரு செயற்கைச் சைட்டோகைனின்தான். செதிலை நீக்கி, மொட்டின் மேல் ஊசிமுனை அளவு தடவினால் சில வாரங்களில் மொட்டு எழும். ஆனால் அந்தக் குப்பியின் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். எழுந்த மொட்டு கெய்க்கியாகவும் வரலாம், பூக்கிளையாகவும் வரலாம். எழுப்புவது மட்டும்தான் பேஸ்டின் வேலை. திசையைத் தீர்மானிப்பது வேறு.

பூ முடிந்ததும் தண்டைக் கீழிருந்து இரண்டாவது மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டச் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். சாமந்தி நுனியைக் கிள்ளுவதும் இதுவும் ஒன்றே. நுனி போனது, ஆக்சின் குறைந்தது, கீழ்மொட்டு எழுகிறது.

வெயில் முடிவு செய்கிறது: ஃபெலனாப்சிஸ் கதை

இனி இரண்டாவது கேள்வி. ஃபெலனாப்சிஸைப் பொறுத்தவரை பதில் பெரும்பாலும் வெப்பநிலையில் இருக்கிறது.

1825-இல் ப்ளூம் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அந்துப்பூச்சி போன்ற தோற்றம் உடையது என்பது பொருள். ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளில் மரத்தில் தொற்றி வளரும் செடி. வெப்பமண்டலச் செடிக்குச் சூடு பிடிக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இலை வளரச் சூடு பிடிக்கும் என்பது உண்மைதான். பூந்தண்டு கிளம்ப அதற்குக் கொஞ்சம் குளுமை வேண்டும். சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால் தண்டு வரும். இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேல் இருந்தால் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். வணிகப் பண்ணைகளில் இதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். செடி பெரிதாகும்வரை கூடாரத்தைச் சூடாக வைத்திருந்து, பூ வேண்டிய நேரத்தில் குளிர வைக்கிறார்கள்.

இதைச் சென்னையோடு பொருத்திப் பாருங்கள். மார்கழி, தையில் இரவு 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. செடி அதைக் குளிர்காலம் என்று எடுத்துக்கொண்டு தண்டை அனுப்புகிறது. தண்டு நீண்டு, கணுக்களில் பூ உருவாகவேண்டிய நேரத்தில் மாசி முடிந்துவிடுகிறது. பங்குனி வெயில் வந்துவிடுகிறது. பகல் 33, 34. இரவும் 25-க்கு மேல். தண்டு கிளம்பியபோது இருந்த சேதி ஒன்று, மொட்டு முடிவெடுக்கும்போது இருக்கும் சேதி வேறு. எங்கள் பால்கனியில் நடந்தது இதுதான். அந்த வருடம் உரம் எதையும் நான் மாற்றவில்லை. அதே நர்சரியில், அதே நாளில் வாங்கி என் அக்கா பெங்களூருக்கு எடுத்துப் போன செடி அங்கே பூத்தது.

சூடு எப்படிப் பூவைத் தடுக்கிறது? ஜிப்ரெல்லின் என்ற மூன்றாவது ஹார்மோன் இங்கே வருகிறது. தண்டை நீட்டுவதிலும் பூவை உருவாக்குவதிலும் பங்குள்ளது. 1990களில் தைவான் ஆய்வாளர்கள் சூட்டில் வைத்த ஃபெலனாப்சிஸ் தண்டுகளில் ஜிப்ரெல்லின் செலுத்திப் பார்த்தார்கள். பூக்காமல் நிற்கவேண்டிய தண்டுகளில் பூ உருவானது. சூட்டில் தண்டுக்குள் நடக்கும் ஹார்மோன் மாற்றம்தான் பூவை நிறுத்துகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டில் ஜிப்ரெல்லின் தெளிக்க வேண்டாம். அளவு தவறினால் பூ கோணலாக வரும்.

செடியின் ஜாதியும் பேசும். பிலிப்பைன்ஸ் காடுகளைச் சேர்ந்த ஃபெலனாப்சிஸ் லூட்மேனியானா, ஃபெலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் ஆகிய இனங்கள் சாதாரணமாகவே குட்டி போடும். அவற்றின் ரத்தம் கலந்த கலப்பினச் செடி உங்களிடம் இருந்தால், எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் குட்டி வரலாம். அது குறை இல்லை.

இதுவரை: கணுமொட்டு எழுவதற்கு ஆக்சின், சைட்டோகைனின் விகிதம் மாறவேண்டும். எழுந்தபின் ஃபெலனாப்சிஸில் குளுமை பூவின் பக்கமும், சூடு இலையின் பக்கமும் தள்ளுகிறது.

டென்ட்ரோபியத்தில் கணக்கு வேறு

கல்யாண மண்டப மேடை அலங்காரத்திலும் பூங்கொத்திலும் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு ஆர்க்கிட் பூ வருமே, அது டென்ட்ரோபியம். பெரும்பாலும் சோனியா என்ற ரகம். நம் ஊர் மாடித்தோட்டங்களில் அதிகம் இருப்பதும் இந்த வகைதான். குட்டி போடுவதும் இதில்தான் அதிகம். ஆனால் ஃபெலனாப்சிஸுக்குச் சொன்னதை இதற்குச் சொன்னால் தப்பாகிவிடும்.

டென்ட்ரோபியத்தில் குட்டி பூந்தண்டில் வருவதைவிட, கரும்பு போலத் தடித்து நிற்கும் செடித்தண்டின் மேல்கணுக்களில்தான் வரும். அந்தத் தடித்த தண்டு தண்ணீரும் உணவும் சேமித்து வைக்கும் கிடங்கு.

சோனியா போன்ற வகைகளுக்குக் குளிர் தேவையில்லை. வருடம் முழுக்கச் சூட்டிலேயே பூக்கும். இதில் குட்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது வேரைத்தான். மழைக்காலத்தில் தொட்டிக்குள் நீர் தேங்கி வேர் அழுகிவிட்டால், செடிக்குக் கீழிருந்து வரும் வழி அடைபடுகிறது. ஆனால் தண்டுக் கிடங்கில் சேமிப்பு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மேல்கணுவில் புதுச் செடியும் புது வேரும் கிளம்புகின்றன. இந்த இடத்தில் மட்டும் "செடி கஷ்டத்தில் இருக்கிறது" என்ற பதில் பலமுறை சரியாக இருக்கும். வேர் வெள்ளையாகக் கெட்டியாக இருந்து, குட்டி இலையுதிர்ந்த பழைய தண்டில் ஒன்றிரண்டு மட்டும் வந்திருந்தால் கவலையே வேண்டாம். பழைய தண்டு தன் மிச்சச் சேமிப்பைச் செலவழிக்கிறது. பண்ணைகளில் வேண்டுமென்றே பழைய தண்டை வெட்டி, ஈரமான பாசியின் மேல் படுக்க வைத்துக் குட்டி எடுப்பதும் உண்டு.

இன்னொரு வகை டென்ட்ரோபியம் நோபிலி. சிக்கிம் மாநிலத்தின் மாநில மலர். இமயமலை அடிவாரத்தில் மழைக்காலம் முழுக்கக் குளித்து வளர்ந்து, குளிர்காலத்தில் மழையில்லாமல் காய்ந்து கிடந்து, அது முடிந்ததும் தண்டு முழுக்கப் பூத்துத் தள்ளும். அந்தக் காய்ச்சலும் குளிரும்தான் அதன் கணுமொட்டுகளைப் பூவாக்குகின்றன. 10 முதல் 15 டிகிரி வரையான இரவுகள் சில வாரங்களாவது வேண்டும். செடி வாடுமே என்று பாவப்பட்டுக் குளிர்காலத்திலும் தண்ணீர் ஊற்றி, தழைச்சத்து உரமும் போட்டால், அந்த மொட்டுகள் அத்தனையும் வரிசையாகக் குட்டியாக எழும். தழைச்சத்து என்பது இலை, தண்டு வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன். "உரம் கூடிப்போச்சு" என்ற பதில் சரியாகப் பொருந்துவது இந்த நோபிலிக்குத்தான். ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திப் பாருங்கள். கீழே சமவெளியில் நோபிலி வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்தக் குளிரை நம்மால் கொடுக்க முடியாது.

சரி, வந்த மூன்று பதிலையும் இப்போது அதனதன் இடத்தில் வைத்துவிடலாம். வேர் அழுகிய சோனியாவுக்கு முதல் பதில். குளிர்காலத்தில் ஊட்டிவிட்ட நோபிலிக்கு இரண்டாவது. நல்ல வேரோடு இருக்கும் ஃபெலனாப்சிஸ் வெயிலில் குட்டி போட்டால் மூன்றாவது, அதுவும் பாதிதான்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய குட்டி

ஃபெலனாப்சிஸில் ஒரு குட்டி மட்டும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கவேண்டும். பூந்தண்டில் இல்லாமல், செடியின் அடியிலிருந்தே, இலைகளுக்குக் கீழே வரும் குட்டி. உடனே நடுக்குருத்தைப் பாருங்கள். இலைகள் சேரும் இடத்தில் ராத்திரி நீர் தேங்கிக் குருத்து அழுகிப் போயிருக்கலாம். லேசாக இழுத்தால் நடு இலை கையோடு வந்துவிடும். அடிப்பக்கம் பழுப்பாக, வழவழப்பாக, ஒரு கெட்ட வாடையோடு இருக்கும். நுனி செத்துவிட்டது, ஆக்சின் நின்றுவிட்டது, அடிமொட்டு எழுந்துவிட்டது. சாமந்தியில் நாம் கையால் செய்ததை இங்கே அழுகல் செய்திருக்கிறது. தாயின் மீதி இலைகள் பச்சையாக இருக்கும்வரை அவற்றை வெட்டாதீர்கள். அடிக்குட்டி அந்த இலைகளின் உணவில்தான் வளரும். அதைப் பிரிக்கவும் அவசரம் வேண்டாம். நடுக்குருத்து கெட்டியாக, புது இலையோடு இருந்தால் அடிக்குட்டி கூடுதல் வரவு, அவ்வளவே.

குட்டியை எப்போது பிரிப்பது

ஆர்வத்தில் இலை வந்ததும் பிரித்துவிடுகிறோம். இலை வந்தால் போதாது, வேர் வரவேண்டும். வேர் இல்லாத குட்டி தாயின் தண்டு வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. இரண்டு மூன்று இலையும், இரண்டு மூன்று அங்குல நீளத்தில் இரண்டு வேராவது வந்த பிறகு பிரியுங்கள். அதற்குப் பல மாதம் ஆகும். வேர் வரத் தயங்கினால், கணுவைச் சுற்றி ஈரப்பாசியைத் தளர்வாகக் கட்டி வைப்பது உதவும். குட்டி மேல் தினமும் காலையில் லேசாக நீர் தெளித்தாலே பெரும்பாலும் வேர் வந்துவிடும்.

வெட்டும் கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள். ஆர்க்கிட் வைரஸ்கள் கத்தி வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். தாய்க்கு வைரஸ் இருந்தால் குட்டிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். பழுப்புக் கோடும் திட்டுமாக இலை உள்ள தாயிடமிருந்து குட்டி எடுக்காமல் விடுவதே நல்லது. குட்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் பூந்தண்டை விட்டு வெட்டினால் காயம் குட்டியின் உடம்பில் படாது. வெட்டிய இடத்தில் பட்டைப்பொடி தூவலாம். வேரில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேரை உலர்த்திவிடும்.

மண் வேண்டவே வேண்டாம். மரத்தில் தொற்றி வளரும் செடியின் வேருக்குக் காற்று வேண்டும். கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு, இவை போதும். தொட்டி சின்னதாக, வேர் அடங்கும் அளவுக்கு மட்டும். பெரிய தொட்டியில் நடு ஈரம் காயாது, வேர் அழுகும். முதல் மாதம் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

விதை இருக்க, குட்டி எதற்கு

ஒரு ஆர்க்கிட் காய்க்குள் லட்சக்கணக்கில் விதை இருக்கும். மாவு போலத் தூசாக. ஆனால் நெல்லிலும் அவரையிலும் இருப்பது போல முளைக்குச் சோறு கட்டிக்கொடுக்கும் பகுதி அதில் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். இதை 1899-இல் கண்டுபிடித்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர். பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த ஜெல்லியில் முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டினார். அதற்குப் பிறகுதான் விதையிலிருந்து ஆர்க்கிட் வளர்ப்பது தொழிலானது.

விதையில் வரும் செடி தாய் மாதிரியே பூக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல ஊதாப்பூ கிடைத்தால் அதையே ஆயிரமாக்குவது எப்படி? பிலிப்பைன்ஸைச் சேர்ந்த காவினோ ரோட்டர் 1949-இல் ஒரு வழி எழுதினார். ஃபெலனாப்சிஸ் பூந்தண்டைக் கணு கணுவாக வெட்டி, சுத்தம் செய்து, கண்ணாடிக் குழாய்க்குள் சத்து ஜெல்லியில் செருகினார். தூங்கிய கணுமொட்டு எழுந்து செடியானது. பால்கனியில் நம்மை ஏமாற்றியதாக நினைத்தோமே, அதே மொட்டு. ஆர்க்கிட்டின் பூக்காலத்தில் வெப்பநிலைக்கும் பகல் நீளத்துக்கும் என்ன பங்கு என்று சில வருடம் கழித்து ஆராய்ந்து எழுதியவரும் அவரேதான். இன்று கடையில் ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் ஃபெலனாப்சிஸ் செடிகளில் பல, ஏதோ ஒரு பூந்தண்டின் கணுவிலிருந்து ஆய்வகத்தில் கிளம்பியவை. நீங்கள் வாங்கிய செடியேகூட ஒரு கெய்க்கியின் வம்சமாக இருக்கலாம்.

எங்கள் வீட்டுக் குட்டியை ஆவணியில்தான் பிரித்தேன். அப்போது நான்கு இலை, மூன்று வேர். ஒரு வேர் மட்டும் தாயின் தண்டைச் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தண்டோடு சேர்த்தே தொட்டியில் இறக்கினேன். தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு, கரித்துண்டில் வைத்திருக்கிறேன். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். தாயை இந்த மார்கழியில் வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றப் போகிறேன், தண்டு வந்தால் பங்குனியில் பால்கனி வெயில் அதன் மேல் படாமலிருக்க.